சாம்பலில் ஆறும் மணிகள்

எங்கள் ஊர் வீட்டு நிலைவாசலில் ஒரு வளையல் தோரணம் தொங்கியது. உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளை விளக்குச் சுடரில் காட்டி, முனைகள் இளகியதும் சேர்த்து அழுத்தி வளையமாக்கி, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த சங்கிலி. பெரும்பாலும் பச்சையும் சிவப்பும், நடுநடுவே நீலம். காற்று நுழையும்போதெல்லாம் மெல்லச் சிணுங்கும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வளர்ந்த என் வயதுப் பெண்கள் பலர் இதைச் செய்து பார்த்திருப்பார்கள். கையில் வளையல் உடைந்தால் வருத்தம்தான். கூடவே, சங்கிலிக்கு இன்னும் ஒரு கண்ணி கிடைத்தது என்று சின்னச் சந்தோஷமும் வரும்.

எங்கள் வீட்டில் அதைச் செய்தவள் அப்பத்தா. இதற்கென்று தனிக் கருவி எதுவும் அவளிடம் இல்லை. சிம்னி விளக்கின் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் திரியை உயர்த்துவாள். இடுப்பில் சாவிக்கொத்தோடு தொங்கும் முள்வாங்கியால் துண்டைப் பிடிப்பாள். காலில் தைத்த கருவேல முள்ளை எடுக்க வைத்திருந்த அதே முள்வாங்கி. இளகிய முனையை அழுத்த ஒரு மொக்கைக் கத்தியின் முதுகு. கெட்டி வளையலாக இருந்தால் துண்டை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நகை ஆசாரி ஒருவர் கொடுத்த சன்னமான பித்தளை ஊதுகுழலால் சுடரைப் பக்கவாட்டில் ஊதுவாள். அதுவரை மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்த சுடர் ஊசி போல நீலமாகக் கூர்ந்து நிற்கும்.

ஒரு சாயங்காலத்துக்கு மூன்று நான்கு கண்ணிகள்தான். முடித்ததும் அந்தச் சின்னச் சரத்தை என் கையில் தரமாட்டாள். இரவுச் சமையல் முடிந்ததும் விறகடுப்பில் தணலைச் சாம்பலால் மூடி வைப்பது வழக்கம். மறுநாள் காலையில் அதைக் கிளறித்தான் அடுப்பைப் பற்றவைப்பார்கள். அந்தச் சாம்பலின் ஓரத்தில் சரத்தைப் புதைத்துவிடுவாள்.

"தொடாத தாயி. காலையில எடுத்துக்கலாம்."

எனக்குப் பொறுமை இல்லை. ஒரு லீவு நாள் மதியம், அவள் தூங்கும் நேரம் பார்த்து, மஞ்சள் வளையல் துண்டு ஒன்றை நானே சுடரில் காட்டி, தோரணத்தின் வால் முனையில் மாட்டிவிட்டேன். சாம்பல் இல்லை, ராத்திரி இல்லை. தோரணம் முழுவதிலும் மஞ்சள் அது ஒன்றுதான். அப்பத்தா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அவள் போய் 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊர் வீட்டைப் பிரித்தபோது தோரணத்தில் மிஞ்சியிருந்தவை 14 கண்ணிகள். செய்தித்தாளில் சுற்றி மதுரைக்குக் கொண்டு வந்தேன். நான்கு வருடம் முன்பு ஒரு மழைநாளில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான், கண்ணாடியை நெருப்பில் இளக்கும் அந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும் போல இருந்தது. சங்கிலி அல்ல, மணி. கம்பியில் இளகிய கண்ணாடியைச் சுற்றி உருட்டிச் செய்யும் சின்ன மணிகள்.

வெளிநாட்டில் இதற்கென்றே மேசை அடுப்பும், கிராஃபைட் பலகையும், வெப்பத்தை அளந்து ஆற்றும் மின்சூளையும் விற்கிறார்கள். அவ்வளவு செலவு செய்ய என்னால் முடியாது. அதனால் ஒவ்வொரு கருவியையும் பார்த்து, இது என்ன வேலை செய்கிறது, அந்த வேலையை என் வீட்டில் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பது எது என்று கேட்டுக்கொண்டேன்.

முதலில் சுடர். மெழுகுவத்திச் சுடரின் சூடான பகுதி 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சாதாரணக் கண்ணாடி இளக 700 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போனால் போதும். அப்படியானால் மெழுகுவத்தியே போதாதா? போதாது. தீக்குச்சியை எவ்வளவு நேரம் காட்டினாலும் அண்டா நீர் கொதிக்காது இல்லையா, அதே கதைதான். வளையல் துண்டின் மெல்லிய முனைக்கு அந்தச் சூடு போதும். மணிக்கு வேண்டிய கண்ணாடி உருண்டைக்குப் பற்றாது. ஊதுகுழல் இருந்தால் நிலைமை மாறும். ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் லௌஷா என்ற மலை ஊர் கண்ணாடி வேலைக்குப் பேர்போனது. 1867இல் அங்கே எரிவாயு ஆலை வரும்வரை, விளக்குச் சுடரில் காற்றை ஊதி வைத்துத்தான் வீடுகளில் மணியும் பொம்மையும் கிறிஸ்துமஸ் மர உருண்டையும் செய்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு அப்பத்தாவின் ஊதுகுழல்தான் கண்முன் வந்தது.

ஒரு மணி நேரம் வாயால் ஊதிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. பியூட்டேன் குப்பியில் மாட்டும் சின்னக் கைச்சுடர் ஒன்று வாங்கினேன். அதை நிற்க வைப்பதுதான் பிரச்சினை. எரியும்போது குப்பி சாய்ந்தால் உள்ளே இருக்கும் திரவ வாயு அப்படியே வெளியே வந்து சுடர் ஒரு முழத்துக்குப் பாயும். இஞ்சி பூண்டு இடிக்கும் கல்லுரல் ஒன்று பரணில் கிடந்தது. அதன் குழியில் மணலைக் கொட்டி, குப்பியை அழுத்தி நிறுத்தினேன். ஆடவே இல்லை. அந்தக் கனத்துக்குக் கடையில் எந்தத் தாங்கியும் கிடைக்காது.

அடுத்து, மணியில் துளை வருவதற்கான கம்பி. 2 மில்லிமீட்டர் தடிமனில் நேரான கம்பி என்றதும் எனக்குச் சைக்கிள் ஸ்போக் நினைவுக்கு வந்தது. பழைய சைக்கிளிலிருந்து நாலைந்தைக் கழற்றிச் சுடரில் காட்டினேன். வெள்ளையாகப் புகை கிளம்பியது. உடனே அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அது துத்தநாகப் பூச்சு. அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும். வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். மறுநாள் சைக்கிள் கடைக்குப் போய்க் கேட்டேன்.

"அண்ணே, ஸ்டெயின்லெஸ் ஸ்போக் இருக்கா?"

"கியர் சைக்கிளுக்கு வர்றது இருக்கும்மா. விலை கூட."

கூடினால் கூடட்டும் என்று வாங்கி வந்தேன். பூச்சு இருக்கிற எந்தக் கம்பியையும் சுடருக்குக் கொண்டுபோகாதீர்கள். குடைக்கம்பி, கட்டுக்கம்பி, துணி மாட்டும் கம்பி எல்லாமே இதில் சேரும்.

கம்பியில் கண்ணாடியை நேராகச் சுற்றினால் ஒட்டிக்கொள்ளும், பிறகு எடுக்கவே முடியாது. நடுவே ஒரு பூச்சு வேண்டும். சூட்டைத் தாங்க வேண்டும், கண்ணாடியோடு சேரக்கூடாது, ஆறியதும் பொடிந்து வழிவிட வேண்டும். கடையில் விற்கும் பூச்சுகளில் வெண்களிமண்ணும் அலுமினா பொடியும் இருக்கும். வெண்களிமண் என்று படித்ததும் எழுந்து போய்ப் பூஜை அலமாரியைத் திறந்தேன். நாமக்கட்டி!

திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு பக்கம் ஜடேரி என்ற ஊரில் களிமண்ணை நீரில் கரைத்து, மணலும் கல்லும் அடியில் தங்க விட்டு, மேலே நிற்கும் நுண்ணிய வண்டலை மட்டும் எடுத்துக் காயவைத்துக் கட்டியாக்குகிறார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனக்குத் தேவைப்பட்டதும் அந்த நுண்மைதான். தண்ணீரில் உரைத்துத் தோசைமாவு பதத்தில் குழைத்து ஸ்போக்கை முக்கினேன். காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்து உதிர்ந்தது. நீர்மோர் பதத்துக்கு இளக்கி, ஒரு தடவை முக்கி நிழலில் காயவைத்து, மறுபடி ஒரு தடவை முக்கினேன். நின்றது. முதல் மணியைக் கம்பியிலிருந்து திருகி எடுத்தபோது உள்ளே துளை ஒழுங்காக இருந்தது. அன்றைக்கு முழுக்க அந்த மணியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். துளையைச் சுத்தம் செய்வதை மட்டும் தண்ணீருக்குள் வைத்துச் செய்யுங்கள். காய்ந்த களிமண் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இளகிய கண்ணாடியை உருட்டிச் சமன் செய்ய, பழைய கரிப்பெட்டி இஸ்திரியின் அடிப்பாகத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வார்ப்பிரும்பு, வழவழப்பு, நல்ல கனம். அதைக் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பட்ட இடத்தில் கண்ணாடி சட்டென்று குளிர்ந்து கீறிவிடும். கோடு இழுக்கவும் புள்ளியைக் குத்திப் பூவாக்கவும் பணியாரம் திருப்பும் கம்பி. கூர், நீளம், மரப்பிடி எல்லாம் இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. மணியில் பள்ளம் அமுக்க, பழைய டார்ச் பேட்டரிக்குள் இருக்கும் கார்பன் கம்பி. இளகிய கண்ணாடி கரியில் ஒட்டாது. வெளித்தகடு துத்தநாகமாக உள்ள சாதாரண டார்ச் பேட்டரியில்தான் இந்தக் கம்பி உண்டு. அல்கலைன், லித்தியம் வகைகளை உடைக்கவே கூடாது.

இனி கண்ணாடி. என்னிடம் வேண்டிய அளவு வளையல் இருக்கிறது. நம் ஊரில் விற்கும் கண்ணாடி வளையல்களில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்திலிருந்து வருகிறது. உலையில் சுழலும் தண்டின் மேல் கண்ணாடி இழையைச் சுருளாகச் சுற்றி, அந்தச் சுருளை நீளவாக்கில் வெட்டினால் வாய் திறந்த வளையங்கள் கிடைக்கும். அந்த வாய்களை மூட்டுவது தனி வேலை. வீடுகளில், சின்னச் சுடரின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக. பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். பிள்ளைகளும் அதில் உட்கார வைக்கப்பட்டார்கள் என்பதைப் படித்தபிறகு என்னால் ஒரு வளையலையும் முன்புபோல எடுக்க முடியவில்லை. எங்கள் தோரணத்துக்கு வந்த துண்டுகளும் அப்படி யாரோ ஒருவரின் வீட்டுச் சுடரில் மூட்டப்பட்டவைதான்.

வளையலில் தங்கப்பூச்சு, ஜிகினா இருந்தால் சுரண்டிவிட வேண்டும். துண்டைச் சுடருக்குள் திடீரென்று நீட்டினால் படபடவென்று தெறிக்கும். சுடரின் தொலைமுனையில் காட்டி, மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவர வேண்டும்.

நிறங்கள் கண்ணெதிரே மாறுவதுதான் எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது. ஒரு நாள் மயில்நீல வளையலை உருக்கிக்கொண்டிருந்தேன். சுடருக்குக் காற்று குறைந்து மஞ்சளாகப் புகைந்ததைக் கவனிக்கவில்லை. மணியின் மேல் செங்கல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்துவிட்டது. காற்றைக் கூட்டி நீலச்சுடரில் திரும்பக் காட்டியதும் கொஞ்சம் கொஞ்சமாக நீலம் மீண்டது. காரணம் செம்பு. காற்று தாராளமாக இருந்தால் செம்பு கண்ணாடிக்கு மயில்நீலம் தரும். காற்று குறைந்து புகைமூட்டமானால் அதே செம்பு சிவப்பாகத் திரண்டு நிற்கும். புதுச்சேரிக்குப் பக்கத்தில், 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில், கடுகளவும் மிளகளவுமாகக் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் செங்கல் சிவப்பு மணிகளும் உண்டு. அந்தச் சிவப்பும் இதே செம்பின் வேலைதான். புதுச்சேரி அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது, அடுப்புக்குக் காற்றை எப்போது அடைக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் இரண்டாயிரம் வருடத்துக்கு முன் இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். மனசு நிறைந்துவிட்டது.

சரி, இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. மணிகள் வந்தன, கோத்தேன், தோழிகளுக்குக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு தோழி போன் செய்தாள். "கழுத்துல கிடக்கும்போதே டிக்னு ஒரு சத்தம்டி. பார்த்தா ரெண்டா கிடக்கு." அப்புறம் இன்னொன்று. அலமாரியில் சும்மா இருந்தவையும் விரிசல் விட்டன. கீழே விழவில்லை, யாரும் தட்டவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, வெவ்வேறு வளையல்களைக் கலந்தது. சூட்டில் எல்லாக் கண்ணாடியும் விரியும், ஆறும்போது சுருங்கும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆய்வுக்கூடக் குடுவைகளின் போரோசிலிகேட் கண்ணாடி ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 3.3 பங்கு விரியும் என்றால், ஜன்னலும் பாட்டிலும் செய்யும் சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 9 பங்கு விரியும். வளையலுக்கு வளையல் வித்தியாசம் இவ்வளவு இருக்காது, ஆனால் மணியைப் பிளக்கச் சின்ன வித்தியாசமே போதும். இதைக் கண்டுபிடிக்க ஒரு காசும் செலவில்லாத வழி இருக்கிறது. இரண்டு வளையல் துண்டுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி உருக்கி, நூல் போல இழுக்க வேண்டும். ஆறியபிறகு நூல் நேராக நின்றால் இரண்டும் ஒத்துப்போகும். ஒரு பக்கமாக வில் போல வளைந்தால் அந்தப் பக்கத்துக் கண்ணாடி அதிகம் சுருங்கியிருக்கிறது, இரண்டையும் சேர்க்கக்கூடாது. இப்போது நான் இழுத்துப் பார்க்காமல் எதையும் கலப்பதில்லை.

இரண்டாவது காரணம் ஆறும் விதம். மணியின் வெளிப்புறம் முதலில் இறுகிவிடும். உள்ளே பிறகு ஆறும். உள்ளே சுருங்கப் பார்க்கும்போது, இறுகிப்போன வெளிப்புறம் விடாது. அந்த இழுபறி மணிக்குள்ளேயே தங்கிவிடும். சாதாரணக் கண்ணாடியை 500லிருந்து 550 டிகிரி வரையான சூட்டில் கொஞ்ச நேரம் நிறுத்தி, பிறகு மெல்ல இறக்கினால் இழுவிசை தளர்ந்துவிடும். மின்சூளை செய்வது இதைத்தான்.

நான் என்ன செய்தேன்? ஒரு பிஸ்கட் டின் நிறையச் சலித்த சாம்பல். அதை அடுப்பில் வைத்துச் சூடாக்கி, மணியின் செந்தணல் நிறம் மறைந்ததும் அதற்குள் சொருகினேன். மாடித்தோட்டக் கடையில் கிடைக்கும் வெர்மிகுலைட்டும் இதே வேலையைச் செய்கிறது. விரிசல்கள் குறைந்தன, நிற்கவில்லை.

மணிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க மகள் எனக்கு ஒரு வழி காட்டினாள். பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். மடிக்கணினித் திரையை முழு வெள்ளையாக்கி, போலராய்டு கறுப்புக்கண்ணாடியைக் கண்ணுக்கு முன்னால் மெல்லத் திருப்ப வேண்டும். ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வதால் அப்படி. இப்போது திரைக்கும் கறுப்புக்கண்ணாடிக்கும் நடுவே மணியைப் பிடித்தால், இழுவிசை இல்லாத கண்ணாடி இருட்டாகவே இருக்கும். இழுவிசை தங்கிய இடம் வெள்ளைக் கீற்றாகப் பளிச்சிடும். உருண்டை மணி ஒளியைச் சிதறடிப்பதால் தெளிவாகத் தெரியவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் தேங்காய் எண்ணெயை ஊற்றி அதில் மணியை அமிழ்த்தினேன். விளிம்புப் பளபளப்பு அடங்கி உள்ளே இருப்பது தெரிந்தது. பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம், அதுவே வானவில்லாக மின்னும். ஒளி ஊடுருவாத மணியிலும் இது பலிக்காது.

என் சாம்பல் டின் மணிகளில் துளையைச் சுற்றி வெள்ளைச் சிலுவை போலக் கீற்று நின்றது. ஏன்? அப்பத்தாவும் சாம்பலில்தானே போட்டாள்?

அதை யோசித்தபடி ஒரு ராத்திரி படுத்திருந்தபோதுதான் புரிந்தது. அவள் போட்டது வெறும் சாம்பலில் இல்லை. நீறு பூத்த நெருப்பில். மேலே சாம்பல், அடியில் விடியும்வரை உயிரோடு இருக்கும் தணல். அந்த ஓரத்தில் கண்ணாடி மறுபடி சூடேறி, இழுவிசை தளர்கிற வெப்பத்தில் நின்று, தணல் அவிய அவிய ஒரு ராத்திரி முழுக்க இறங்கியிருக்கிறது. என் டின்னில் சாம்பல் சூட்டை இழக்காமல் போர்த்தியது, அவ்வளவுதான். சூட்டைக் கொடுக்க அதற்கடியில் எதுவும் இல்லை. கேஸ் அடுப்பு வந்தபோது எங்கள் வீட்டிலிருந்து விறகும் புகையும் போனதாகத்தான் நினைத்திருந்தேன். அம்மாவின் இருமல் நின்றது, அதற்கு நான் எப்போதும் நன்றியோடு இருப்பேன். ஆனால் ராத்திரி முழுக்க மெல்ல ஆறுகிற ஓர் இடமும் அதோடு போயிருக்கிறது.

மொட்டைமாடியில் ஒரு குமுட்டி அடுப்பை வைத்தேன். சின்ன மண்சட்டியில் இரண்டு விரல் உயரம் சலித்த சாம்பல், அதன் மேல் கம்பியோடு மணிகள், மேலே மறுபடி சாம்பல், மூடி. சட்டியைச் சுற்றிலும் கரி. முதலில் சாம்பல் போர்த்திய மெல்லிய தணல், அரைமணி கழித்து விசிறியால் லேசாக வீசிச் சூட்டை ஏற்றி, பிறகு எல்லாவற்றையும் சாம்பலால் மூடிவிட்டு வந்துவிடுவது. வெப்பமானி இல்லை. அதற்குப் பதிலாக, தீக்குச்சி நீளத்தில் மெல்லிய கண்ணாடி இழை ஒன்றை, சட்டிக்குள் ஒரு சின்ன மண் அகலின் விளிம்புகளில் பாலம் போல வைத்து, மேலே இன்னொரு அகலைக் கவிழ்த்துவிட்டேன். காலையில் இழை நேராக இருந்தால் சூடு போதவில்லை. தொய்ந்து அகலின் அடியைத் தொட்டால் அதிகம். லேசாகத் தொய்ந்தால் சரி.

முதல் ராத்திரி இழை அடியில் கிடந்தது, மணிகளின் மேல் சாம்பல் அப்பியிருந்தது. அடுத்த ராத்திரி அசையவே இல்லை. நான்காவது ராத்திரிதான் பிறை போல மெல்லிய வளைவு. எண்ணெய் டம்ளரில் போட்டுத் திரைக்கு முன்னால் வைத்தேன். இருட்டு. துளையோரத்தில் மட்டும் மங்கலாக ஒரு நிழல். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இதைச் செய்ய நினைப்பவர்கள் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். கரித்தணல் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். மூடிய அறையில் அது ஆளைக் கொன்றுவிடும், வாசனைகூட வராது.

சாம்பலைப் பற்றி இன்னொன்று. ஆந்திராவில் திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் உலையிலிருந்து கண்ணாடிக் குழாயை நீளமாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி மணி செய்யும் பழைய முறை நம் காலம்வரை தொடர்ந்து வந்திருக்கிறது. அரிக்கமேட்டு மணிகளும் இப்படி இழுத்த குழாயை நறுக்கிச் செய்தவைதான். நறுக்கிய துண்டுகளின் கூர்விளிம்பை மழுக்க அவற்றைத் திரும்பச் சூடாக்க வேண்டும். அப்போது துளை மூடிக்கொள்ளாமல் இருக்க, துளைக்குள் சாம்பலை அடைப்பார்கள்.

கடையில் வாங்கியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. கண்ணுக்குப் போடும் டிடிமியம் கண்ணாடி. கண்ணாடியைச் சுடரில் காட்டும்போது அதிலுள்ள சோடியம் கண்ணைக் கூசும் மஞ்சளாக எரியும், இளகும் பொருளையே மறைத்துவிடும். வெயிலுக்குப் போடும் கறுப்புக்கண்ணாடி எல்லாவற்றையும் சேர்த்து இருட்டாக்குமே தவிர அந்த மஞ்சளைத் தனியாக நிறுத்தாது. இதற்கு வீட்டில் மாற்று தேடி நான் ஒரு மாதத்தை வீணாக்கினேன். தெறிக்கும் சில்லிலிருந்து கண்ணைக் காப்பதும் அதுதான், ஆகவே முதல் செலவு அதுவாக இருக்கட்டும். மணி வேலை இல்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன்: மண்ணெண்ணெயில் நனைத்த நூலைப் பாட்டிலில் கட்டிக் கொளுத்தி வெட்டும் வேலையை விட்டுவிடுங்கள். பாட்டில் தன் இஷ்டத்துக்குப் பிளக்கும். படச்சட்டம் போடும் கடைக்காரர் கையில் வைத்திருக்கும் சக்கர வெட்டியால் ஒரு கீறல் போட்டு, அதன் மேல் வெந்நீரும் தண்ணீரும் மாறி மாறி ஊற்றினால் கீறல் வழியே பெரும்பாலும் ஒழுங்காகப் பிரியும். விளிம்பை ஈரமான வாட்டர் பேப்பரில், சொரசொரப்பு எண் 120, 220, 400 என்று வரிசையாகத் தேய்த்தால் போதும்.

போன மாதம் அப்பத்தாவின் 14 கண்ணிகளையும் எடுத்தேன். எண்ணெய் டம்ளரில் முக்க மனசு வரவில்லை. திரையை வெள்ளையாக்கி, இருட்டாகும்வரை கறுப்புக்கண்ணாடியைத் திருப்பி, சங்கிலியை நடுவில் மெல்ல நகர்த்தினேன். பச்சை, இருட்டு. சிவப்பு, இருட்டு. நீலம் ஒன்றில் மூட்டின் அருகே லேசான வெளிச்சம், மற்றபடி இருட்டு. ஒரு சிம்னி விளக்கும் ஒரு முள்வாங்கியும் வைத்துச் செய்தவை.

கடைசியில் அந்த மஞ்சள் கண்ணி வந்தது. மூட்டிலிருந்து பாதி வளையம்வரை வெள்ளையாக எரிந்தது.

"இது யாரும்மா செஞ்சது?" என்றாள் மகள்.

சொன்னேன். அவள் சங்கிலியை என் கையிலிருந்து இரண்டு உள்ளங்கைகளாலும் வாங்கி, செய்தித்தாளை விட்டுவிட்டு ஒரு பஞ்சுப் பொதியில் வைத்தாள். இந்தச் சனிக்கிழமை குமுட்டி பற்றவைக்கும்போது அதையும் சட்டியில் வைக்கலாமா என்று கேட்டாள். வைக்கலாம். சாம்பலைச் சலித்து வைத்திருக்கிறேன்.